அம்பர் அத்தர்: பெயரும் பொருளும் – ஒரு மதிப்பீடு

அத்தர் என்பது எத்தில் ஆல்கஹால் சேர்க்காமல், எண்ணெய் வடிவில் உடலில் பூசப்படும் நறுமணப் பொருள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ளது. அண்மைக் காலத்தில் சிறு தயாரிப்பாளர்கள் 3 மில்லி, 6 மில்லி குப்பிகளில் "கைவினை அத்தர்", "தூய இயற்கை எண்ணெய்" என்ற பெயர்களில் இணையம் வழியாகவும் விற்கின்றனர். இவற்றில் அதிகம் காணப்படும் பெயர்களில் ஒன்று அம்பர். குப்பியின் மேலுள்ள இப்பெயருக்கும் உள்ளிருக்கும் பொருளுக்கும் என்ன தொடர்பு என்பதை முத்துக்குளித்துறைக் கடற்கரையை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

கடல்படு பொருள்

கடலில் கிடைக்கும் செல்வங்களாக முத்து, சங்கு, பவளம், உப்பு, ஓர்க்கோலை ஆகிய ஐந்தைப் பழந்தமிழ் மரபு எண்ணியது. ஓர்க்கோலை என்பதற்கு அகராதிகள் தரும் பொருள் அம்பர். சித்த மருத்துவம் இதனை மீனம்பர் என்கிறது.

நாளிதழ்கள் இதனைத் "திமிங்கல உமிழ்நீர்" என்றும் "வாந்தி" என்றும் எழுதுகின்றன. இரண்டும் பொருந்தாத சொற்கள். எண்ணெய்த் திமிங்கலம் கணவாய் மீன்களை உண்கிறது. கணவாயின் கடினமான அலகுகள் செரிப்பதில்லை. அவை குடலை உறுத்தும்போது, அவற்றைச் சுற்றி மெழுகு போன்ற ஒரு பொருள் திரள்கிறது. இதுவே அம்பர். எல்லா எண்ணெய்த் திமிங்கலங்களிலும் இது உருவாவதில்லை, மிகச் சிலவற்றில் மட்டுமே உருவாகிறது. புதிதாக வெளிவரும்போது கறுத்து, சாண நாற்றத்துடன் இருக்கும். பல ஆண்டுகள் உப்புநீரிலும் வெயிலிலும் மிதந்த பிறகே சாம்பல் நிறமும் இனிய மணமும் பெறும்.

2016 சனவரியில் மணப்பாடு அருகே எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் கரையொதுங்கியது பலருக்கும் நினைவிருக்கும். அவை குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலங்கள். அவற்றின் குடலில் அம்பர் உருவாவதில்லை.

சட்டம் சொல்வது

எண்ணெய்த் திமிங்கலம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிரினம். ஆகவே அம்பரை இந்தியாவில் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடற்கரையில் தற்செயலாகக் கண்டெடுத்தது என்பது விற்பதற்கான உரிமையைத் தராது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. 2023 மே மாதம் தூத்துக்குடி துறைமுகக் கடற்கரைப் பகுதியில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் 18.1 கிலோ அம்பரைப் பறிமுதல் செய்தது. அதன் மதிப்பு 31.67 கோடி ரூபாய் என அறிவிக்கப்பட்டது.

இந்தப் பின்னணியில் ஒரு குப்பியில் "அசல் அம்பர்" என்று எழுதியிருந்தால், அதற்கு இரண்டு பொருள்களே இருக்க முடியும். எழுதியது உண்மையானால் அது சட்டத்துக்குப் புறம்பான சரக்கு. உண்மையில்லையென்றால் அது பொய். இந்தியச் சந்தையில் மூன்றாவது வழி இல்லை.

குப்பியில் இருப்பது என்ன?

பெரும்பாலான "அம்பர்" அத்தர்களில் இருப்பவை இரண்டு வகை. முதலாவது, ஆம்ப்ராக்சைடு என்னும் வேதிப்பொருள். இயற்கை அம்பரிலுள்ள ஆம்ப்ரீன் என்ற பொருள் காற்றிலும் வெயிலிலும் சிதையும்போது உண்டாகும் மணப்பொருள்களில் இதுவும் ஒன்று. கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஸ்கிளேரியால் என்ற பொருளிலிருந்து இதனைச் செய்யும் முறை கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் வணிகத்துக்கு வந்தது. இன்று கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்துப் பெறும் மூலப்பொருளிலிருந்தும் செய்கிறார்கள். இரண்டாவது வகை, லாப்டனம், சாம்பிராணி வகைப் பிசின்கள், வனிலா ஆகியவற்றைச் சேர்த்த இனிப்புக் கலவை. வாசனைத் தொழிலில் இதற்கும் அம்பர் என்றே பெயர். திமிங்கலத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இவ்விரண்டையும் பயன்படுத்துவதில் தவறில்லை. திமிங்கலத்தைத் தொடாமல் அதன் மணத்தைப் பெறுவது அறிவியல் செய்த நன்மை. மூன்று பொருள்களையும் ஒரே பெயரால் விற்பதுதான் குறை.

முத்துத் தொழில் இச்சிக்கலை முன்பே கடந்திருக்கிறது. தூத்துக்குடியில் முத்துகளை வெவ்வேறு அளவுத் துளைகள் கொண்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்து, நிறமும் உருட்சியும் பார்த்துத் தரம் பிரித்தனர். 1961-உடன் இங்குப் பெரிய முத்துக்குளிப்பு நின்றது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியிலேயே வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. வளர்ப்பு முத்தை எவரும் போலி என்று ஒதுக்குவதில்லை. ஆனால் அதனை "வளர்ப்பு முத்து" என்று சொல்லி விற்கவேண்டும் என்பது வணிக ஒழுக்கம். அத்தர் வணிகத்தில் இந்த ஒழுக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

கைவினை என்ற சொல்

அத்தருக்கென்று உண்மையான கைவினை மரபு உண்டு. உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, வாயைக் களிமண்ணால் பூசி, விறகுத் தீயில் காய்ச்சுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாகக் குளிர்நீரில் வைத்த மற்றொரு பாத்திரத்துக்குச் செல்கிறது. அதிலுள்ள சந்தன எண்ணெய் மலரின் மணத்தை ஏற்றுக்கொள்கிறது. புது மலர் இட்டு இதனைப் பல நாள் திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். கன்னோசி வாசனைப் பொருளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. ஆனால் சந்தன எண்ணெயின் விலை ஏறிய பிறகு, அங்கும் திரவ பாரஃபின் போன்ற மலிவான அடித்தளங்கள் இடம்பிடித்துவிட்டன.

சிறு தயாரிப்பாளர்களில் பலர் செய்வது வேறு வேலை. வாங்கிய மணச்சாறுகளையும் செயற்கை மணப்பொருள்களையும் அளந்து கலந்து, டைபுரோபிலீன் கிளைகால் அல்லது டைஎத்தில் தாலேட்டில் நீர்க்கச்செய்து குப்பியில் அடைக்கின்றனர். நன்றாகக் கலப்பதும் ஒரு கலைதான். ஆனால் அது காய்ச்சி வடித்தல் ஆகாது. இரண்டையும் "கைவினை" என்ற ஒரே சொல்லில் அடக்கினால் உண்மையில் கொப்பரை முன் நிற்பவருக்கு நட்டம்.

ஒரு கணக்கு

மல்லிகையை எடுத்துக்கொள்வோம். மல்லிகையின் மணம் கொதிநீரில் பெரிதும் கெடுவதால், ஹெக்சேன் போன்ற கரைப்பானால் சாறெடுப்பதே வழக்கம். 1000 கிலோ மலருக்கு ஏறத்தாழ 3 கிலோ மெழுகுச் சாறு கிடைக்கும். அதிலிருந்து பிரியும் தூய சாறு ஏறத்தாழப் பாதி, அதாவது 1.5 கிலோ. மலர் கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மலருக்கு மட்டும் 3,00,000 ரூபாய். ஒரு கிராம் சாற்றுக்கு 200 ரூபாய். 3 மில்லி குப்பியில் அடங்குவது ஏறக்குறைய 3 கிராம், அதாவது 600 ரூபாய் மலர். கூலி, கரைப்பான், குப்பி, இலாபம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. 150 ரூபாய்க்குக் கிடைக்கும் 3 மில்லி "தூய மல்லிகை எண்ணெய்" எப்படிப்பட்டது என்பதை மாணவர்களே முடிவுசெய்யலாம்.

சந்தனத்துக்கு அளவுகோல் தெளிவாகவே உள்ளது. ஐஎஸ்ஓ 3518 தரப்படி, சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாந்தலால் நூற்றுக்கு 41 முதல் 55 வரையிலும், பீட்டா சாந்தலால் 16 முதல் 24 வரையிலும் இருக்கவேண்டும். வாயு நிறப்பகுப்பாய்வு செய்தால் இது தெரிந்துவிடும். வீட்டில் செய்யும் காகிதச் சோதனை இதற்குப் போதாது.

"ஆல்கஹால் இல்லாதது" என்ற விளம்பரத்தையும் கவனிக்கவேண்டும். எத்தில் ஆல்கஹால் இல்லை என்பதே இதன் பொருள். வேதியியலின்படி சாந்தலாலும் ஆல்கஹால் வகைதான். இந்த வாசகம் தூய்மைக்கோ பாதுகாப்புக்கோ சான்றாகாது.

விதியில் உள்ள இடைவெளி

இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள், சேர்மானப் பட்டியலை உறையில் அச்சிடச் சொல்கின்றன. ஆனால் 60 மில்லிக்குக் குறைந்த திரவப் பொதிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. அத்தர் குப்பிகள் ஏறக்குறைய எல்லாமே இந்த விலக்குக்குள் வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியமோ, ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்களைப் பெயர்சொல்லிக் குறிக்கவேண்டும் என்ற விதியை 2023-இல் எண்பதளவுக்கு விரிவாக்கியது. அத்தர் நீரில் கழுவப்படுவதில்லை. தோலில் மணிக்கணக்கில் தங்குகிறது. சிறு குப்பி என்பதற்காக விலக்குத் தருவது, இந்தப் பொருளைப் பொறுத்தவரை தலைகீழான ஏற்பாடு.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை, மாதவி நீராடிய நீரில் ஊறிய பொருள்களைப் பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை என்று கணக்கிட்டுச் சொல்கிறது. உரைகள் அவற்றைப் பெயர்பெயராக விளக்குகின்றன. ஒரு காப்பியம் காட்டும் இந்த நுணுக்கத்தைக் காசு வாங்கும் வணிகரிடம் எதிர்பார்ப்பது மிகையன்று.

வாங்குவோர் கேட்கவேண்டியவை

1. அடித்தளம் எது? சந்தன எண்ணெயா, தாவர எண்ணெயா, வேதிக் கரைப்பானா?
2. மணப்பொருள் நூற்றுக்கு எவ்வளவு?
3. அம்பர் என்றால் எந்த அம்பர்? ஆம்ப்ராக்சைடா, பிசின் கலவையா?
4. காய்ச்சி வடித்ததா, வாங்கிக் கலந்ததா? வடித்தது எனில் எந்த ஊரில்?
5. சந்தனம், அகில் போன்றவற்றுக்கு ஆய்வக அறிக்கை உண்டா?

எல்லாச் சிறு தயாரிப்பாளர்களும் ஏமாற்றுகிறவர்கள் அல்லர். தம் கலவை விகிதத்தை வெளியிட விரும்பாததிலும் நியாயம் உண்டு. அது அவர்களுடைய தொழில் இரகசியம். விகிதத்தை மறைக்கலாம், பொருளின் இனத்தை மறைக்கலாகாது. "இதில் இருப்பது செயற்கை அம்பர்" என்று எழுதும் தயாரிப்பாளர் தம் சரக்கைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. வாங்குபவரையும் திமிங்கலத்தையும் ஒருசேர மதிக்கிறார். "அசல்" என்ற பொய்யோ, கரையில் எதையோ கண்டெடுத்த மீனவரைக் கோடிக் கனவில் ஆழ்த்திக் குற்றவாளிக் கூண்டுவரை கொண்டுசெல்லும் சந்தைக்கு உரமிடுகிறது.