மலையக எழுத்தில் ‘நடை’

‘நடை’ என்னும் தமிழ்ச்சொல் காலின் இயக்கத்தையும் ஒழுக்கத்தையும் எழுத்தின் பாங்கையும் ஒருங்கே சுட்டும். ஆங்கில ‘வோக்’ என்பதற்கு இக்கடைசிப் பொருள் இல்லை. அட்டன், நுவரெலியாத் தோட்டங்களிற் கூடை சுமந்து மலைக்கும் மடுவத்துக்கும் ஏறியிறங்குபவளுக்கோ நடை என்பது எண்ணிக்கை: ஒரு நடை, இரு நடை. 1820களின் பின் கோப்பித் தோட்டங்களை நாடியோர் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். அந்நடையினின்று பிறந்ததே மலையகத் தமிழ்.

1960களில் ஈழத்தில் எழுந்த ‘இழிசனர் வழக்கு’ விவாதத்தில், பேச்சுமொழி இலக்கியத்துக்கு ஆகாதென்றனர் மரபாளர். மலையகப் புனைகதையிற் பேச்சுமொழி மிகுவதை இன்றும் நடைக்குறை என்பார் உளர். இத்தீர்ப்பு, இலக்கண அறிவுடையார் கூற்றாயினும், ஏற்கத்தக்கதன்று. பெரட்டு, நிரை, மடுவம் என்னுஞ் சொற்களைக் களைந்து லயத்து மாந்தரைச் செந்தமிழில் உரையாட வைத்தால், விடியற்குளிரிற் பெரட்டுக்களத்தில் நிற்பவர் எவரென்றே படிப்போருக்குத் தெரியாது.