பேசாதவர்களுக்கும் ஒரு கிராம சபை

ஆண்டுக்கு ஆறு முறை தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் உறுப்பினர்தான். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நமக்காக ஆளை அனுப்புகிறோம். இங்கே நாமே போய் உட்காருகிறோம். இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் ஓர் ஏற்பாடு, உள்ளே வந்தும் வாய் திறக்காதவரை என்ன செய்கிறது?

முதலில் அதன் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். வரவு செலவை ஊர் நடுவே வாசித்தாக வேண்டும். போடாத சாலைக்குக் கணக்கு எழுதியிருந்தால், அந்தத் தெருக்காரர் எழுந்து “எங்கே போட்டீங்க?” என்று கேட்கலாம். யார் சொன்னார், யார் மறுத்தார் என்பதற்கு ஊரே சாட்சி. மதுக்கடை வேண்டாம் என்று பல ஊர்கள் தீர்மானம் போட்டதும் இங்கேதான். ஒருவர் எழுந்து நின்றால் பத்துப் பேருக்குத் துணிச்சல் வரும். பெட்டியில் போடும் சீட்டுக்கு அந்த வலு கிடையாது.

பலவீனமும் அதே வாய்ப்பேச்சில்தான் இருக்கிறது. மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டிய ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 300 பேர் வர வேண்டும் என்பது விதி. ஆளுக்கு இரண்டே நிமிடம் பேசினாலும் பத்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் எந்தக் கூட்டமும் நடப்பதில்லை. ஆகவே பெரும்பாலோர் வாய் மூடியிருந்தால்தான் கூட்டமே முடியும். யார் பேசுவது என்பதை மைக்குக்குப் பக்கத்தில் இருப்பதும், குரலின் கனமும், சட்டென்று வாய் திறக்கும் பழக்கமும் முடிவு செய்கின்றன. ஷாமியானாவின் முன்வரிசையில் வழக்கமான நான்கைந்து பேர். ஓரத்து வேப்பமர நிழலில் பெண்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை மூச்சுவிடாமல் வாசித்து, “எல்லாருக்கும் சம்மதந்தானே?” என்கிறார். முன்வரிசை தலையாட்டுகிறது. வந்ததற்காகப் போட்ட கையெழுத்து, ஒப்புக்கொண்டதற்கான கையெழுத்தாகிவிடுகிறது.

இதில் அதிகம் இழப்பவர்கள் உள்முக இயல்பினர். உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் வெளியிட்ட நூலால் பரவிய வகைப்பாடு இது. இவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நினைப்பது தவறு. கேட்டதைத் தனியே அசைபோட்டுப் பிறகு பேசுபவர்கள் இவர்கள். கூட்டத்தில் கேட்ட கேள்விக்கு மறுநாள் காலையில்தான் இவர்களிடம் நல்ல பதில் இருக்கும். நம் மரபு இவர்களுக்கு அவ்வளவாக இரக்கம் காட்டியதில்லை. திருக்குறள் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, படித்தும் சபையில் பேச அஞ்சுகிறவரைப் படிக்காதவருக்கும் கீழே வைக்கிறது. மேடைப் பேச்சாலேயே அரசியல் வளர்ந்த மாநிலம் இது. ‘வாயுள்ள பிள்ளை பிழைக்கும்’ என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை வளர்க்கிறோம். வாயில்லாத பிள்ளைக்கும் குடிநீர் இணைப்பு வேண்டும் என்பது அந்தப் பழமொழிக்குத் தெரியாது.

எல்லா மௌனமும் இயல்பினால் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் டேங்க் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். எந்த வால்வு கசிகிறது, எந்தத் தெருக் கடைசிக்குத் தண்ணீர் போய்ச் சேருவதில்லை என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். குடிநீர்த் தீர்மானம் வரும்போது அவர் ஓரமாக நிற்கிறார். கூச்சமா? தலைவரிடம் வேலை பார்க்கிறோமே என்ற தயக்கமா? காலனியிலிருந்து வந்தவர் ஊர்த்தெருக்காரர்கள் முன் பேசினால் என்ன ஆகும் என்ற கணக்கா? வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு வந்த பிறகும் தலைவிக்குப் பதில் கணவர் பேசுகிற கூட்டங்கள் உண்டு. சாதியோ வீட்டு ஆணோ அடைத்த வாயைப் பார்த்து ‘அவங்க சுபாவம் அப்படி’ என்பது அநியாயம். அமைதியானவர்களை மதிப்போம் என்ற நல்ல பேச்சு அந்த அநியாயத்துக்குத் திரையாகிவிடக் கூடாது.

கூடிப் பேசினால்தான் யோசனை பிறக்கும் என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்ட ஒன்றுதான். 1958-இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வில், குழுவாகப் பேசியவர்களைவிட அதே எண்ணிக்கையில் தனித்தனியே யோசித்தவர்கள் மொத்தத்தில் அதிக யோசனைகளைத் தந்தார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கும்போது நமக்குத் தோன்றியது தடைப்பட்டுப் போகிறது என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆய்வுக்கூடச் சோதனையை ஊர்க்கூட்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கருத்துத் திரட்டுவது ஒரு வேலை, முடிவெடுப்பது வேறு வேலை என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

1996-இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் கேரளம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தது. கிராம சபைக்கு வந்தவர்கள் துறைவாரியாகச் சிறு குழுக்களாக உட்கார்ந்தார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் பேச்சை நடத்தினார். குழுக்கள் சொன்னது பிறகு பொதுச்சபைக்கு வந்தது. முந்நூறு பேர் முன் எழாதவர், இருபது பேர் நடுவே பேசிவிடுவார். 12 முதல் 20 பேர் கொண்ட நம் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் அந்த வசதி உண்டு. ஆனால் அங்கும் ஊக்குநர் ஒருவரே பேச, மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடுவது நடக்கிறது. குழு சிறியதானால் மட்டும் போதாது. வரிசையாக ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். ‘எனக்கு யோசிக்க நேரம் வேணும்’ என்பதையும் பதிலாக ஏற்க வேண்டும்.

2005-இன் ஊரக வேலை உறுதிச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தணிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. தணிக்கைக் குழுவினர் வீடு வீடாகப் போய் வேலை அட்டையைப் பார்த்து, கூலி முழுதாக வந்ததா என்று விசாரித்தார்கள்; கண்டதைக் கிராம சபையில் வைத்தார்கள். திண்ணையில் தாழ்ந்த குரலில் சொன்னதும் சபை ஏறியது. இதிலும் ஆபத்து உண்டு. சொன்னவர் யார் என்று தெரிந்துவிட்டால், பக்கத்து வீட்டுக்கும் மேற்பார்வையாளருக்கும் முகம் கொடுக்க வேண்டியவர் அவர்தான். ஆகவே சபையில் குறையை வாசிக்கலாம், பெயரை வாசிக்கத் தேவையில்லை.

இத்தனையையும் எடைபோட்டால், கிராம சபையை வாட்ஸ்அப் குழுவாகவோ புகார்ப் பெட்டியாகவோ மாற்றுவது பிழை என்றே தோன்றுகிறது. முடிவு ஊர் நடுவே, எல்லார் காதிலும் விழும்படி எடுக்கப்பட வேண்டும். கேட்கும் வேலை மட்டும் அதற்கு முன்பே தெருவில் முடிந்திருக்க வேண்டும். கூச்சப்படுகிறவரை மைக் முன் தள்ளி ‘பேசுங்க, பேசுங்க’ என்று கைதட்டுவதால் அவருக்கு மரியாதை கூடிவிடாது. கூட்டப்பொருளை ஒரு வாரம் முன்பே சொல்லி, வார்டு உறுப்பினர் தன் தெருக்களில் கேட்டு எழுதி வந்து, யாரும் பேசத் தொடங்கும் முன் அதை வாசித்தால் போதும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.

கூட்டத்தில் தயங்காமல் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபையில் சம்மதமா என்று கேட்டவுடன் தலையாட்டாதீர்கள். எத்தனை வீட்டில் கேட்டீர்கள் என்று முதலில் கேளுங்கள்.