உடுத்தியவள் பெயர்

என் பாட்டியின் கல்யாணப் புடவையை விற்றது நான்தான். மயிலாப்பூரில் பழைய வீட்டைக் காலி செய்த மாதம் அது. மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் 'பழைய பட்டுப்புடவை வாங்கப்படும்' என்ற பலகையைப் பார்க்காதவர்கள் அந்தப் பக்கம் இருக்க முடியாது. அப்படி ஒரு கடையில் கொண்டுபோய் வைத்தேன். கடைக்காரர் புடவையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. கரையின் ஓரத்தைக் கல்லில் உரசினார், ஜரிகையில் ஓர் இழையை உருவிப் பார்த்தார், தராசில் வைத்தார். கரையை வெட்டி, எரித்து, அதிலிருக்கும் வெள்ளியை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன். கைக்கு வந்த தொகை, ஒரு சுமாரான புதுப் பட்டுப்புடவைக்குக்கூடக் காணாது.

நல்ல ஜரிகை என்பது பட்டு இழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. அதில் ஏறக்குறைய பாதி வெள்ளி; தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆகவே கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய கணக்கில் அந்தப் புடவை ஒரு சிறிய வெள்ளிச் சுரங்கம். வேறு கணக்கு எதையும் அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இந்தக் கட்டுரை இன்னொரு புடவையைப் பற்றியது. 2008 ஜனவரி 5 அன்று, தி.நகரில் பெரிய கடை வைத்திருக்கும் சென்னை சில்க்ஸ் நிறுவனம் தயாரித்த பட்டுப்புடவை ஒன்று 39,31,627 ரூபாய்க்கு விற்றது. அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர். உலகின் மிக விலையுயர்ந்த புடவை என்று கின்னஸ் அதைப் பதிந்துகொண்டது. ரவி வர்மாவின் 11 ஓவியங்கள் அதில் நெய்யப்பட்டிருந்தன. தங்கம், வெள்ளி, பிளாட்டினம், வைரம், மாணிக்கம், மரகதம், முத்து, பவளம் என்று 12 வகை உலோகங்களும் கற்களும் பதிக்கப்பட்டிருந்தன. முந்தானையில் இருந்தது, பல பிரதேசங்களைச் சேர்ந்த பெண்கள் வாத்தியங்களோடு கூடியிருக்கும் அந்தப் புகழ்பெற்ற படம். மூல ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது.

செல்வந்தர்களின் ஆடம்பரத்தைத் திட்டுவது எளிது. நாற்பது லட்சத்தில் எத்தனை பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம் என்று கணக்குப் போட்டால் ஒரு பத்தி நிரம்பிவிடும். அதை நான் செய்யப்போவதில்லை. ஓர் ஓவியத்தையோ கவிதையையோ வாசிப்பதுபோல அந்தப் புடவையை வாசிக்க விரும்புகிறேன். அது பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறது?

முதலில் ரவி வர்மா. சென்னைக்கும் அவருக்கும் பழைய உறவு. கூந்தலில் மலர் சூடும் நாயர் பெண்ணை அவர் வரைந்த படம் 1873இல் இந்த ஊர்க் கண்காட்சியில்தான் தங்கப் பதக்கம் பெற்றது. மூன்று வருடம் கழித்து, கடிதம் எழுதும் சகுந்தலையை மதராஸ் ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைகொடுத்து வாங்கினார். படங்கள் முழுக்கப் பெண்கள்; வாங்கியவர்கள் ஆளுநர்கள், மகாராஜாக்கள், திவான்கள். பிறகு 1894இல் ரவி வர்மா அச்சகம் தொடங்கினார். அரண்மனைக்குள் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் சில அணாக்களுக்கு எல்லோர் வீட்டுச் சுவருக்கும் வந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். தங்களுக்கென்று ஒரு படம் வாங்கி மாட்டிக்கொள்ளப் பல வீட்டுப் பெண்களுக்கு வழிசெய்தது அந்த மலிவு அச்சுதான். 39 லட்ச ரூபாய்ப் புடவை அதை நேரெதிராகத் திருப்புகிறது. காலண்டர் வரை இறங்கிவந்த படத்தை, ஒரே ஒருவர் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக மீண்டும் மேலே ஏற்றுகிறது.

அடுத்து, நகைகள். ரவி வர்மாவின் பெண்கள் அணிந்திருப்பவை வண்ணத்தால் ஆன நகைகள். முத்தின் பளபளப்பைத் தூரிகையால் கொண்டுவந்ததில்தான் அவருடைய திறமை இருக்கிறது. புடவையில் அந்தத் திறமைக்கு வேலை இல்லை. நெய்த பெண்ணின் கழுத்தில் நிஜ வைரம், நிஜ மரகதம். படத்திலிருக்கும் பெண் நகை அணிந்துகொள்கிறாள். புடவை கட்டும் பெண் அந்தப் படத்தைத் தாங்கும் சட்டகமாகிறாள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புடவை கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புடவையின் பெரும்பகுதி மறைவதற்காகவே இருக்கிறது. கொசுவத்தில் பாதிக் கரை உள்ளே போய்விடும். உள்சுற்று யார் கண்ணிலும் படாது. முந்தானையைச் சொருகினாலோ தோளில் மடித்துப் போட்டாலோ அதுவும் பாதிதான். காஞ்சிபுரத்துப் பழைய நெசவாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் மயிலும் அன்னமும் ருத்ராட்சமும் மல்லிமொக்கும் திரும்பத் திரும்ப வருகின்றன. எங்கே மடித்தாலும் ஒன்று மறையும், இன்னொன்று தெரியும். உடம்பு நடக்கும், உட்காரும், பிள்ளையைத் தூக்கும் என்று தெரிந்த கைகள் போட்ட கணக்கு அது. ஓவியத்தை அப்படி மடிக்க முடியாது. சகுந்தலையின் முகம் கொசுவத்தில் இரண்டாக மடியும். 11 ஓவியங்களையும் முழுதாகப் பார்க்க வேண்டுமானால் புடவையை விரித்துத் தொங்கவிட வேண்டும். அதாவது, பெண் அதற்குள்ளிருந்து வெளியே வந்தாக வேண்டும். உலகின் மிக விலையுயர்ந்த புடவை, யாரும் உடுத்தாதபோதுதான் முழுமையடைகிறது.

இது நம்மூர்ப் பைத்தியம் மட்டுமல்ல. 1962 மே 19 அன்று, நியூயார்க்கில் அதிபர் கென்னடியின் பிறந்தநாள் விழாவில் பாட மரிலின் மன்றோ ஒரு கவுன் அணிந்தார். உடம்போடு ஒட்டித் தைத்தது. 1999 ஏலத்தில் அது 12 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2016இல் அதே கவுன் 48 லட்சம் டாலருக்கு, விசித்திரப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் ஒரு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் 36 வயதில் இறந்தவர். உடை ஏற ஏற விலை ஏறிக்கொண்டே போகிறது. அதற்குள் இருந்தவர் திரும்பி வந்து எதுவும் கேட்கப்போவதில்லை. சேகரிப்பாளர் விரும்புவது அந்த வெற்றிடத்தைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கவுனுக்கு விலை வந்தது மரிலினின் பெயரால். தி.நகர்ப் புடவையின் சாதனைக் குறிப்பில் கடையின் பெயர் இருக்கிறது, ஓவியரின் பெயர் இருக்கிறது, தேதியும் தொகையும் இருக்கின்றன. நெய்தவர்கள் இல்லை. உடுத்துபவள் இல்லை.

நெய்தவர்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக அல்ல. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கும் தனித்தனி நாடா. ஒரு கரைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பலகாலம் மனைவியின் கையாகவோ சிறுபிள்ளையின் கையாகவோ இருந்தது. தறிக்கு வரும் முன்பே நூலை இழைப்பது, தார் சுற்றுவது, பாவை ஒழுங்குசெய்வது எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. அதற்குத் தனிக் கூலி கிடையாது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 35 லட்சத்துச் சொச்சம் கைத்தறித் தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கு மேல் பெண்கள். 'நெசவாளர்' என்றவுடன் நம் மனத்தில் எழுவது ஓர் ஆணின் உருவம்.

அரிய பொருளின் விலை எதனால் ஆனது? ஏலக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பொருள் பாதி, அது கைமாறிய வரலாறு பாதி. யார் செய்தது, யார் வைத்திருந்தது, எப்போது யாருக்குப் போனது என்பதற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் இருந்தால் சாதாரண நாற்காலிகூட அரிய பொருளாகிவிடும். இல்லாவிட்டால் அரிய பொருளும் எடைக்குப் போகும்.

என் பாட்டியிடம் அந்த வரலாறு முழுதும் இருந்தது, எழுத்தில் இல்லை, அவ்வளவுதான். பீரோவைத் திறந்தால் ஒவ்வொரு மடிப்பையும் தொட்டுச் சொல்வாள். இது முகூர்த்தத்துக்கு, இது தலைதீபாவளிக்கு, இது உன் அப்பா வயிற்றிலிருந்தபோது வளைகாப்புக்கு, இது சீட்டுக் கட்டித் தானே வாங்கியது. கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றிப் போடுவாள்; ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை முறிந்துவிடும். அருங்காட்சியகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை இது. ஐம்பது வருடம் தேர்ந்து, வகைப்படுத்தி, பாதுகாத்தவளை நாங்கள் சேகரிப்பாளர் என்று சொல்லவில்லை. புடவைப் பைத்தியம் என்றோம். ஆண் வாங்கிச் சேர்த்தால் சேகரிப்பு. பெண் சேர்த்தால் ஆசை.

பழைய புடவையைச் சேகரிப்பாகப் பார்த்த ஒரு பெண் இதே ஊரில் இருந்தார். 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி, அடுத்த வருடமே அங்கே ஒரு நெசவுக்கூடத்தையும் ஏற்படுத்தினார். பழைய காஞ்சிபுரப் புடவைகளை மாதிரியாக வைத்து, வழக்கொழிந்துகொண்டிருந்த கரைகளையும் வண்ணச் சேர்க்கைகளையும் திரும்ப நெய்ய வைத்தார். எடைக்குப் போயிருக்க வேண்டியவை தறிக்குப் போயின. இது பெரிய காரியம். ஆனால் இங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஆடலைப் பரம்பரையாகக் காத்த பெண்களின் கையிலிருந்து சதிர் நழுவி, வேறு சமூகத்துப் பெண்களின் மேடைக்குப் போன காலமும் அதுதான். அந்த மீட்பில் புடவைக்குக் 'கலாக்ஷேத்ரா புடவை' என்று பெயர் கிடைத்தது. பழைய மாதிரிகளை அதுவரை உடுத்திவந்தவர்களின் பெயர் அதில் ஒட்டவில்லை. மீட்கிறவர் பெண்ணாக இருந்தாலும், பெயரை யார் வைத்துக்கொள்கிறார் என்பதைப் பார்க்கத்தான் வேண்டும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு: எம்.எஸ். புளூ. காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக நெய்துகொடுத்த நீலம். உடுத்தியவளின் பெயரே நிறத்தின் பெயராகிவிட்டது. பனகல் பார்க் எதிரே எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். விலையுயர்ந்ததாக இருந்ததால் அந்த நீலம் நிலைக்கவில்லை. மேடையில் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு பெண் வேலை செய்தாள், அதை ஊரே பார்த்தது, அதனால் நிலைத்தது. அந்த அளவு புகழ் இருந்தால்தான் ஒரு பெண்ணின் பெயர் அவள் துணியில் தங்கும் என்றால், மற்றவர்கள் கதி என்ன?

39 லட்சப் புடவையும் என் பாட்டியின் புடவையும் முதல் பார்வைக்கு எதிரெதிர்த் துருவங்கள். ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் போக வேண்டியது, இன்னொன்று நெருப்புக்குப் போனது. ஆனால் இரண்டையும் ஒரே தராசில்தான் வைத்திருக்கிறோம். ஒன்றில் கல்லும் பிளாட்டினமும் எத்தனை என்று எண்ணினோம், மற்றதில் வெள்ளி எவ்வளவு என்று நிறுத்தோம். உலோகத்தையும் ரத்தினத்தையும் தாண்டி, ஒரு பெண் இதை ஏன் வாங்கினாள், எங்கே கட்டினாள், எப்படிக் காப்பாற்றினாள் என்பதற்கு இரண்டு விற்பனையிலும் மதிப்பு இல்லை. பணக்காரச் சேகரிப்பாளரின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அந்தச் சந்தில் தராசுக்கு முன்னால் நின்றபோது நானும் அவர் கணக்கில்தான் நின்றேன்.

இப்போது அம்மாவின் பீரோவுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறேன். புடவையின் நிறம், கரை, வாங்கிய வருடம், கொடுத்த விலை, பணம் யாருடையது, முதலில் கட்டியது எங்கே, கிழிந்திருந்தால் எப்படிக் கிழிந்தது. இந்தப் புத்தகத்தைப் படிக்கும் மாணவிகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்கள் வீட்டில் பட்டு இல்லாமல் சுங்கடியோ சின்னாளப்பட்டியோ ரேஷன் கடை வேட்டி சேலையோ இருந்தாலும் இந்தக் கேள்விகள் அப்படியே பொருந்தும். பட்டு யார் கட்டலாம், யாருக்குக் கட்டக் கிடைத்தது என்பதும் அந்த நோட்டில் எழுத வேண்டிய விஷயமே.

அம்மாவுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. "இதையெல்லாமா எழுதுவாங்க?" என்றாள். இரண்டாம் நாள், நான் 'மஞ்சள்' என்று எழுதியிருந்ததை வாங்கிப் பார்த்து, "மாம்பழக் கலர்னு எழுது. வெறும் மஞ்சள் வேற இருக்கு, அது கீழ்த்தட்டுல" என்றாள். பாட்டியின் கல்யாணப் புடவைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். அரக்கு நிறம், ருத்ராட்சக் கரை. வாங்கிய வருடம் அம்மாவுக்கும் தெரியவில்லை. விற்றவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.