ஒன்பதாயிரம் வரிகளின் பாடம்

1976-ல் சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் என்ற ஆசிரியர் துணிந்து ஒரு காரியம் செய்தார். இயங்குதளத்தைப் பற்றிப் பாடம் சொல்வதோடு நில்லாமல், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மையப் பகுதியான கெர்னலையே மாணவர் கையில் கொடுத்தார். ஏறத்தாழ 9,000 வரி மூல நிரல். அதற்கு வரிக்கு வரி விளக்கம். தொல்காப்பியத்துக்கு உரையாசிரியர்கள் செய்ததை அவர் நிரலுக்குச் செய்தார்.

இந்த முறையின் பெரும் பலம் முழுமை. ஒரு மனிதர் ஒரு பருவத்துக்குள் முழுதும் படித்து முடிக்கக்கூடிய அளவு அது. 2006-ல் இதே வழியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. உருவாக்கிய எக்ஸ்வி6 கெர்னலைப் பாருங்கள். அதன் ரிஸ்க்-ஃபைவ் செயலிக்கான வடிவத்தில், ஒரு பணியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அசெம்பிளித் துண்டு 32 ரெஜிஸ்டர்களில் 14-ஐ மட்டுமே சேமிக்கிறது. மற்றவை என்னவாயின? அழைக்கும் பகுதிக்குத் தேவையானதை சி கம்பைலரே முன்கூட்டிப் பத்திரப்படுத்திவிடுகிறது. செயலி, கம்பைலர், இயங்குதளம் மூன்றும் கைகோக்கும் இடம் அது. தனித்தனிப் பாடநூல்களில் இந்த இணைப்பு கண்ணில் படுவதே அரிது.

இந்த முறை யூனிக்ஸ் உரிமையாளரின் தயவை நம்பியிருந்ததுதான் முதல் பலவீனம். 1979-ல் வந்த ஏழாம் பதிப்பின் உரிமம், மூல நிரலை வகுப்பில் படிக்கத் தடை விதித்தது. லயன்ஸின் உரை ஒளிநகலாகவே கைமாறி, 1996-ல்தான் முறையாக அச்சேறியது. அந்தத் தடையால்தான் ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கற்பிப்பதற்காக எழுதி 1987-ல் வெளியிட்டார்.

இரண்டாவது குறை இன்றும் தீரவில்லை. கற்பிக்க ஏற்ற நிரல் சிறியதாக, சுத்தமாக இருந்தாக வேண்டும். தொழிலில் எதிர்ப்படும் நிரலோ அப்படி இருப்பதில்லை. லினக்ஸ் கெர்னல் இரண்டு கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு டிரைவர்கள். எக்ஸ்வி6 பயிலும் மாணவர் பெரும்பாலும் எமுலேட்டரிலேயே ஓட்டிப் பார்க்கிறார். ஆவணத்தில் சொன்னபடி நடக்காத சாதனத்தையும், ஒரு செயலி நினைவகத்தில் எழுதியதை இன்னொரு செயலி வரிசை மாறிக் காண்பதால் வரும் பிழையையும் அவர் அங்கே சந்திப்பது அபூர்வம். பிறர் எழுதிவைத்த பழைய நிரலில் வழி கண்டுபிடிக்கும் பொறுமையும் அங்கே கைவராது.

படிப்பது மட்டும் போதாது என்பதை எம்.ஐ.டி. ஆசிரியர்கள் உணர்ந்தே இருக்கிறார்கள். மாணவர்கள் புது சிஸ்டம் கால் சேர்க்கிறார்கள், நினைவக நிர்வாகத்தை மாற்றி எழுதுகிறார்கள், லாக்குகளைப் பிரித்து வேகம் கூட்டுகிறார்கள். தன் கையால் கெர்னலை உடைத்துச் சரிசெய்தவருக்கே பாடம் நிலைக்கிறது.

எனவே இந்த முறையைக் கைவிடக் கூடாது. இதோடு நிறுத்தவும் கூடாது. சிறிய கெர்னல் முடிந்ததும் அசல் வன்பொருள் பலகை ஒன்றும், பெரிய திறந்த மூலத் திட்டம் ஒன்றும் மாணவர் கைக்கு வர வேண்டும். எதையெல்லாம் பாடத்துக்காக விட்டுவிட்டோம் என்று பெயர் சொல்லிக் காட்ட, கெர்னல் எழுதும் தொழிலில் உழைத்த ஆசிரியர் வேண்டும். அத்தகையோரைக் கல்லூரிகள் தேடி அழைத்து, உரிய மதிப்பும் ஊதியமும் தரட்டும்.