ஜேசான் மறுக்கும்போது

பைத்தானில் நாமே எழுதிய கிளாஸின் ஆப்ஜெக்ட் ஒன்றை ஜேசானாக மாற்றச் சொன்னால், டைப்எரர் காட்டி நின்றுவிடும். பலருக்கும் இது எரிச்சல். ஆனால் ரசிக்கக் கற்க வேண்டிய முதல் விஷயம் இந்த மறுப்புதான். ஜேசானுக்குத் தெரிந்தவை சரம், எண், உண்மை, பொய், வெற்று மதிப்பு, வரிசை, பெயரும் மதிப்புமான இணைகள், அவ்வளவே. 2000-களின் தொடக்கத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் பரப்பிய இந்த வடிவத்தில் தேதிக்குக்கூடத் தனி வகை இல்லை. அந்தச் சிக்கனத்தால்தான் ஏறக்குறைய எல்லா நிரல்மொழிகளும் இதைச் சுலபமாகப் படிக்கின்றன. நம் கிளாஸோ அப்படியல்ல. வாடிக்கையாளர் என்ற கிளாஸுக்குள் பெயரோடு கடவுச்சொல்லின் ஹாஷும் டேட்டாபேஸ் இணைப்பும் இருக்கலாம். இவற்றில் எது வெளியே போகலாம் என்பது எழுதியவருக்கே தெரியும். தெரியாத இடத்தில் ஊகிக்காமல் நம்மைக் கேட்கிறது பைத்தான். ஜாவாஸ்கிரிப்ட் கேட்பதில்லை, தரவு நிறைந்த மேப் ஒன்றைக் கொடுத்தாலும் வெறும் அடைப்புக்குறிகளை எழுதிவிட்டு, பிழை எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள்.

ஆகவே, ஆப்ஜெக்டை ஜேசானாக மாற்றித் தரும் ஃபங்ஷனைப் படிக்கும்போது அதில் எழுதியவரின் தீர்ப்பைத் தேடுங்கள். பணத்தை டெசிமலிலிருந்து ஃப்ளோட்டாக்கினாரா, சரமாகவே அனுப்பினாரா? 0.1 என்பது இரும எண்ணில் துல்லியமாக அடங்காது என்று அறிந்தவர் சரத்தைத்தான் தேர்வார். தேதியோடு நேர மண்டலத்தையும் எழுதினாரா? ஜாவாஸ்கிரிப்ட் எண்கள் 9007199254740991-க்கு மேல் துல்லியம் இழக்கும் என்பதால், ட்விட்டர் தன் பதிவு எண்களைச் சரமாகவும் சேர்த்து அனுப்பியது. மறுமுனையில் படிப்பவரை மனதில் வைத்து எழுதிய இத்தகைய வரிதான் உயர்ந்த கோட்.

'ஆப்ஜெக்டை அப்படியே சேமித்துத் தரும் பைத்தானின் பிக்கிள் இருக்க இத்தனை பாடு எதற்கு?' என்று கேட்கலாம். பிக்கிள் கோப்பைத் திறப்பதே அதற்குள் ஒளிந்திருக்கும் கட்டளையை இயக்கிவிடக்கூடும். நம்பகமற்ற இடத்திலிருந்து வந்ததைத் திறக்காதீர்கள் என்று பைத்தான் ஆவணமே எச்சரிக்கிறது. ஆப்ஜெக்டின் உள் டிக்‌ஷனரியை அப்படியே கொட்டும் குறுக்குவழியோ, தரவை மட்டும் தாங்கும் சிறு கிளாஸுக்குப் போதும், அதை மறுக்க மாட்டேன். பெரிய கிளாஸில் நாளை ஒருவர் சேர்க்கும் ரகசியப் புலமும் சத்தமின்றி வெளியேறிவிடும் என்பதுதான் ஆபத்து. இதைவிட வலுவான ஆட்சேபம், ஜேசானாகப் போன ஆப்ஜெக்ட் தன் வகையை இழந்து வெறும் டிக்‌ஷனரியாகத் திரும்புகிறது என்பது. உண்மைதான். அதனாலேயே திரும்பும் பாதைக்கும் ரசனையில் சம பங்கு உண்டு. வந்த ஒவ்வொரு மதிப்பையும் சோதித்த பிறகே ஆப்ஜெக்டைக் கட்டுகிறாரா, பதிப்பு எண் ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறாரா, பழைய பதிப்பில் இல்லாத புலத்துக்கு என்ன மதிப்புத் தருகிறார் என்று பாருங்கள்.