மாளிகைமேட்டு ஓடும் உலா இலக்கியமும்

ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகர் கோயிலின் நாயக்கர் காலக் கற்றூண்களிற் பழகிய கண்ணுக்கு, கங்கைகொண்ட சோழபுரத்துச் சிறு தொல்பொருட் காட்சிச்சாலை முதற்கண் ஏமாற்றமே தரும். மாளிகைமேட்டில் 1980ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசுத் தொல்பொருள் ஆய்வுத்துறையினர் அகழ்ந்தெடுத்த கூரையோடுகளையும் இரும்பாணிகளையும் யார் நின்று நோக்குவார்? யான் ஓட்டின்முன் நெடிது நின்றேன்.

ஒட்டக்கூத்தர் உலாக்களில் வரும் மாளிகை வருணனையை வெறும் மரபென ஒதுக்குவார் உளர். கோயிலைப் போன்றே அரண்மனையையும் கல்லாற் கற்பனை செய்துகொள்வாரும் உளர். இவ்வோடு இருசாரார்க்கும் இடர் செய்கின்றது. முதலாம் இராசேந்திரன் அமைத்த நகரின் அரண்மனை சுட்ட செங்கற் சுவரினது; கருங்கல் அடித்தளத்தின்மேல் மரத்தூண் நிறுத்தி, சுண்ணச்சாந்தில் ஓடு பதித்து மூடப்பெற்றது. கூத்தர் ஒரு நூற்றாண்டு பிந்தியவரே. எனினும் அவர் காலத்தும் அது சோழர் தலைநகர். அவர் மாளிகை என்றபோது அவர் கண்முன் நின்றது இத்தகைய கட்டடமே எனக் கருதுதல் தகும்.

மன்னன் மனை மண்ணாலும் மரத்தாலும் ஆயது; மறைந்தது. (கல்லும் முற்றத் தப்பவில்லை: 1836இல் கொள்ளிடத்துக் கீழணை கட்ட இவ்வூர்க் கோயில் மதிற்கற்களைப் பெயர்த்தனர்.) உலாக்களுக்கு இனி உரை வரைவோர், மாளிகை என்னும் சொல்லுக்குக் குறிப்பு எழுதுமுன், இவ்வோட்டினை ஒருகால் நேரிற் காண்பாராக.