கடல் தாண்டும் வேலை காரைக்காலுக்கு வராதது ஏன்?

இங்கிலாந்தும் பிரான்சும் 1860-இல் செய்துகொண்ட உடன்படிக்கை, ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு பிரிட்டிஷ் இந்தியத் தொழிலாளர்களை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச்செல்ல வழி திறந்தது. அடுத்த ஆண்டு அது மார்த்தினிக், குவாதலூப், பிரெஞ்சு கயானா வரை நீண்டது. ஆட்கள் கப்பலேறிய துறைகளில் புதுச்சேரியோடு காரைக்காலும் ஒன்று. வேலை ஓரிடத்தில் கிடக்க, உழைப்பவர் ஊரையும் உறவையும் விட்டு அதைத் தேடிப் போக வேண்டியிருந்த காலம் அது. தகவல் தொழில்நுட்பத் துறையின் ஆஃப்ஷோர் அவுட்சோர்சிங் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது: உழைப்பவர் இருக்கும் இடத்திலேயே இருக்க, வேலை கடல் தாண்டி வருகிறது. குறைந்த செலவை விட இதுவே அம்முறையின் பெரிய பலம் என்பது என் கருத்து. அந்தப் பலம் பாதி வழியில் நின்றுபோனதையும் காரைக்காலிலிருந்து பார்த்தால்தான் தெளிவாகத் தெரியும்.

நன்மைகளைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமெண்ட்ஸ் பெங்களூரில் மையம் தொடங்கிச் செயற்கைக்கோள் இணைப்பு வழியே வடிவமைப்பு வேலைகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1991-இல் மத்திய அரசின் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பு உருவாகி, அத்தகைய இணைப்பைச் சிறு நிறுவனங்களுக்கும் எட்டச் செய்தது. 2000-ஆம் ஆண்டுக் கணினித் தேதிச் சிக்கல், இந்தியப் பொறியாளர்கள் மீது மேலை நிறுவனங்களுக்கு நம்பிக்கையை ஊட்டியது. 2023-24 நிதியாண்டில் இத்துறையின் ஏற்றுமதி ஏறத்தாழ 20,000 கோடி டாலர் என்றும், வேலை செய்வோர் 54 லட்சம் பேர் என்றும் தொழில்துறை அமைப்பான நாஸ்காம் கணக்கிட்டது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர்களுக்கும் பெண்களுக்கும் நிலமோ சிபாரிசோ தராத மாதச் சம்பளத்தை இத்துறை தந்தது. ஒரே தலைமுறையில் இவ்வளவு பேரை நடுத்தர வாழ்வுக்குத் தூக்கிய தனியார் தொழில் தமிழ்நாட்டில் வேறு அதிகமில்லை.

வேலையைக் கொடுப்பவருக்கும் ஆதாயம் உண்டு: செலவு குறைகிறது, திட்டத்துக்கு ஏற்ப ஆட்களைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது, அங்கே இரவாகும்போது இங்கே வேலை நடக்கிறது. ஆனால் பல கைகள் மாறும் அமைப்பில் பொறுப்பு எங்கே முடிகிறது என்பது மங்கிவிடும். 2025-இல் பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் மீது நடந்த இணையத் தாக்குதலில், ஆள்மாறாட்டம் செய்தவர்கள் மூன்றாம் தரப்பு ஒன்றின் வழியாக நுழைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. லாபத்தில் ஏற்படும் இழப்பை அது ஏறத்தாழ 30 கோடி பவுண்டு என மதிப்பிட்டது. மிச்சப்படுத்திய கூலியை மட்டும் எழுதி, இத்தகைய ஆபத்தை எழுதாத கணக்கு முழுக் கணக்காகாது.

இனிக் காரைக்காலுக்கு வருவோம். புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2010-இல் தொடங்கப்பட்டது. அதன் வளாகம் இம்மாவட்டத்தின் திருவேட்டக்குடியில் இருக்கிறது. ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகமும் 2009 முதல் இயங்கும் துறைமுகமும் இங்கே உள்ளன. படித்தவர்களுக்கும் பஞ்சமில்லை, கணினி தேவைப்படும் தொழில்களுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் மென்பொருள் வேலை வேண்டும் என்றால் இங்குள்ள இளைஞர் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலைக்கோ பெங்களூருக்கோ பெட்டி கட்ட வேண்டியிருக்கிறது. பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக்கு வரும் வேலை, அங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு வருவதில்லை. காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது என்பதால் நிர்வாக எல்லையும் இதைக் கடினமாக்குகிறது. தஞ்சாவூரில் 2024-இல் டைடல் நியோ ஐடி பூங்கா திறந்த தமிழ்நாட்டின் கொள்கை வாஞ்சூர் எல்லையில் நின்றுவிடும். புதுச்சேரி அரசின் தலைநகரமோ நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்களைத் தாண்டி நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது.

நிறுவனங்கள் இதற்குக் காரணம் சொல்லாமலில்லை. கிளையண்ட் வந்து பார்க்க விமான நிலையம் பக்கத்தில் வேண்டும். ஒருவர் விலகினால் மறுநாளே இன்னொருவர் கிடைக்க வேண்டும். புயல் வீசும் டெல்டா கரையில் மின்சாரத்தை நம்ப முடியாது என்பார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, டெல்டாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தது உண்மை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முடங்கியபோது, ஐடி நிறுவனங்கள் தம் ஊழியர்களையும் வேலையையும் வேறு நகரங்களுக்கு மாற்றித்தான் சமாளித்தன. எல்லாவற்றையும் ஒரே நகரில் குவிப்பதும் ஆபத்தே என்பதற்கு அதுவே சான்று. 2020 பொதுமுடக்கத்தில் லட்சக்கணக்கானோர் சொந்த ஊர் வீட்டிலிருந்தே அதே கிளையண்டுக்கு அதே வேலையைச் செய்தார்கள். தொலைவு தடையில்லை என்று அப்போது மெய்ப்பித்த நிறுவனங்களே பிறகு எல்லோரையும் அலுவலகத்துக்கு அழைத்தன. ஆக, தடுப்பது தொழில்நுட்பமில்லை. மேற்பார்வைப் பழக்கமும், ஆள் மாற்றும் வசதியும்தான்.

சிற்றூருக்கு வேலையைக் கொண்டுவரும் முயற்சி காரைக்காலை அடுத்தே நடந்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ஊக்குவிப்பில் 2007-இல் உருவான தேசிக்ரூ நிறுவனம் திருவாரூர் மாவட்டத்தின் கொல்லுமாங்குடியில் ஊரக பிபிஓ மையம் அமைத்தது. வெளியூர் செல்ல வீட்டில் அனுமதி கிடைக்காத படித்த பெண்களுக்கு அத்தகைய மையங்கள் பெரிய வாசல். ஆனால் அங்கு வந்து சேர்ந்த வேலை பெரும்பாலும் தரவுப் பதிவு, படிவச் சரிபார்ப்பு போன்றவை. பின்னர் மத்திய அரசு சிறு நகரங்களில் 48,300 பிபிஓ இருக்கைகளை உருவாக்க, ஓர் இருக்கைக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவி தரும் திட்டம் வகுத்தது. நோக்கம் நல்லது, அளவுகோல் போதாது. எத்தனை இருக்கை என்று எண்ணியவர்கள், அந்த இருக்கையில் என்ன வேலை நடக்கிறது என்பதை எண்ணவில்லை.

அவுட்சோர்சிங்கின் அடிப்படைக் குறை இங்கேதான் இருக்கிறது. ஒரு வேலையைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டுமானால் அதைத் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் விதி எழுதித் தர வேண்டும். எதைச் செய்வது, ஏன் செய்வது என்ற முடிவு எழுதுபவரிடம் தங்கிவிடும். எப்படிச் செய்வது மட்டும் நம்மிடம் வரும். இதைக் கண்டு ஐடி ஊழியர்களை நவீன கூலிகள் என்பாரும் உண்டு. அந்த ஒப்பீடு தவறு: ரீயூனியனுக்குப் போனவரால் தோட்டத்தை விட்டு விலக முடியவில்லை, இவரால் வேலையை விட்டு விலக முடியும். ஆனால் மணிக்கணக்கில் ஆள்களை விற்கும் தொழிலில், ஆளின் விலையைத் தாழ்த்தி வைப்பதே லாபத்துக்கு எளிய வழி. புதிதாகச் சேர்பவரின் சம்பளம் பெரிய நிறுவனங்களில் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாயைச் சுற்றியே நிற்பது அதனால்தான். விலைவாசி ஏறியதைக் கழித்தால் அது சம்பள வெட்டு.

விதியாக எழுதக்கூடிய வேலையை இயந்திரத்துக்கும் எழுதிக் கொடுக்கலாம் என்பதே இன்றைய நெருக்கடி. செயற்கை நுண்ணறிவு முதலில் தொடுவது கீழ்நிலை நிரல், சோதனை, தரவுப் பதிவு ஆகியவற்றைத்தான். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டை, சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது. அதற்குச் செயற்கை நுண்ணறிவைக் காரணமாக நிறுவனம் சொல்லவில்லை. திறன் பொருந்தாமையைச் சொன்னது. எந்தக் காரணமானாலும், ஆள் எண்ணிக்கையைப் பெருக்கி வளரும் காலம் முடிகிறது என்பது தெரிகிறது. மறுபக்கம், 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விசா விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. வெளிநாட்டு அவுட்சோர்சிங் கட்டணங்கள் மீது 25 விழுக்காடு வரி கேட்கும் மசோதாவும் அங்கே செனட்டில் முன்வைக்கப்பட்டது. பிறர் முடிவில் தொங்கும் பிழைப்புக்கு இரண்டு பக்கமும் இடி.

‘குறை சொல்வது எளிது, இந்த வேலையும் இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள்?’ என்று கேட்பது நியாயமே. வேலையை மறுக்கச் சொல்லவில்லை, அதை முடிவாகக் கொள்ளாதீர்கள் என்கிறேன். மென்பொருள் நிறுவனமான ஜோஹோ 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் மையம் நடத்துகிறது. விற்பது ஆள்களின் மணிநேரத்தை அன்று, சொந்தப் பொருளை. அது ஒரே ஒரு விதிவிலக்கு என்பார்கள். ஆனால் பன்னாட்டு நிறுவனங்கள் தாமே இந்தியாவில் நடத்தும் திறன் மையங்கள் 2023-24 நிதியாண்டிலேயே 1,700-ஐத் தாண்டி, 19 லட்சம் பேர் அவற்றில் வேலை பார்த்தார்கள். இடைத்தரகர் இல்லாததால் வடிவமைப்பும் முடிவெடுப்பும் ஓரளவு இங்கு வருகின்றன. முடிவும் கடல் தாண்டும் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் அவையும் பெருநகரங்களிலேயே குவிகின்றன.

காரைக்காலுக்கு வேண்டியது மலிவான இன்னொரு பிபிஓ கட்டடம் என்று நான் நினைக்கவில்லை. துறைமுகச் சரக்குக் கணக்கு, எண்ணெய்க் கிணற்றுப் பாதுகாப்பு, கடைமடைக்கு வரும் காவிரி நீரின் அளவு, மீன் ஏலம் என இந்த ஊரே அறிந்த சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றுக்குத் தீர்வு எழுதப் பழகியவர் உலகச் சந்தையிலும் பேரம் பேச முடியும். புதுச்சேரி அரசு சலுகை தரும்போது இருக்கைகளை எண்ணாமல், வடிவமைப்புப் பொறுப்பில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர், மூன்றாண்டு முடிவில் அவர்கள் கற்றது என்ன என்று கேட்கலாம். தேசியத் தொழில்நுட்பக் கழகம் மாணவர்களைப் பெருநகர நேர்முகத்துக்குத் தயார் செய்வதோடு நிற்காமல், ஓஎன்ஜிசியோடும் துறைமுகத்தோடும் கூட்டுத் திட்டங்களை நடத்தலாம். ஒப்பந்தம் முடிந்து கிளையண்ட் போன பிறகு ஊரில் என்ன மிஞ்சுகிறது என்பதை வைத்தே அவுட்சோர்சிங்கை எடை போட வேண்டும். சம்பளம் மட்டும் மிஞ்சினால் அது கூலி வேலை; அறிவும் முடிவெடுக்கும் உரிமையும் மிஞ்சினால் அது தொழில். முதலாவதை நாம் நாற்பது ஆண்டுகள் நன்றாகவே செய்தோம். இரண்டாவதைக் கேட்டு வாங்கும் வலிமை, இத்தனை லட்சம் திறமைசாலிகளைக் கொண்ட நமக்கு இப்போது இருக்கிறது.